ஃபாப்ரிஸ் முவாம்பா: 24 வயதில் முடிந்த ஆட்டம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டத்தின் நடுவே ஒரு கால்பந்து வீரர் சுருண்டு விழுந்தார் என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு பெயரும் வரும்: ஃபாப்ரிஸ் முவாம்பா. 2012 மார்ச்சில் லண்டனில், டிவி கேமராக்களுக்கு முன்னால் இதயம் நின்று, 78 நிமிடம் கழித்து மறுபடி துடிக்கத் தொடங்கியவர். ஃபுட்பால் பேசும் நண்பர்கள் அவரைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். அவர் விழுந்த கதை பலருக்குத் தெரியும், ஆடிய கதை அவ்வளவாகத் தெரியாது. அதனால் ஆட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முவாம்பா எந்த ஊர்க்காரர்?

1988 ஏப்ரல் 6 அன்று கின்ஷாசாவில் பிறந்தார். அப்போது அந்த நாட்டுக்கு ஸயீர் என்று பெயர். இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு. சர்வாதிகாரி மொபுட்டுவின் ஆட்சி ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலம். அரசு வட்டாரத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பாவுக்கு உயிருக்கே ஆபத்து வந்தது. 1994-ல் அவர் இங்கிலாந்துக்குத் தப்பிப் போய் அடைக்கலம் கேட்டார். குடும்பம் போய்ச் சேர ஐந்து வருடம் ஆனது.

1999-ல் கிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதிக்கு வந்து சேர்ந்தபோது ஃபாப்ரிஸுக்கு 11 வயது. பிரெஞ்சு தெரியும், ஆங்கிலம் தெரியாது. அந்தப் பையன் பின்னால் ஏ-லெவல் படிப்பை, நம் பிளஸ் டூ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், முடித்தான். எடுத்த பாடங்கள் பிரெஞ்சு, கணக்கு, அப்புறம் ஆங்கிலம். அதற்குள் லண்டன் கிளப்பான ஆர்சனலின் அகாடமியிலும், அதாவது இளம் வீரர்களுக்கான பயிற்சிப் பள்ளியிலும், இடம் கிடைத்திருந்தது. அங்கே சேருகிற பையன்களில் பலர் பள்ளிப் படிப்பை ஒரு தொந்தரவாகவே பார்ப்பார்கள். இவர் இரண்டையும் விடவில்லை. பின்னால் அது உதவியது.

ஆர்சனலுக்காக ஆடியிருக்கிறாரா?

இரண்டே ஆட்டம், இரண்டும் லீக் கோப்பையில். முதலாவது 2005 அக்டோபர் 25, சண்டர்லேண்டுக்கு எதிராக. அப்போது 17 வயது. அடுத்தது ரெடிங் அணியுடன் அதே நவம்பரில். அவ்வளவுதான். இங்கிலாந்தின் முதல் நிலை லீகான பிரீமியர் லீக்கில் ஆர்சனல் சட்டையுடன் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

களத்தில் அவருடைய வேலை என்ன? எப்படிப்பட்ட ஆட்டக்காரர்?

டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர். தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்று, எதிரணியின் தாக்குதலை அது பழுப்பதற்கு முன்பே முறிப்பவர்.

கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் பெயர் சமையல்காரருக்குப் போகும். ரசம் வரத் தாமதமானால் மட்டும் எல்லோரும் பரிமாறுகிறவரைத் தேடுவார்கள். முவாம்பாவின் இடம் அதுதான். பந்தைப் பறிப்பார், இரண்டடி தள்ளி நிற்கும் நன்றாக ஆடத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவார், திரும்ப ஓடிப்போய்த் தன் இடத்தில் நிற்பார். சக வீரர் ஒருவர் முன்னேறிப் போனால் அவர் விட்ட ஓட்டையை அடைப்பார். 90 நிமிடமும் இதே.

அடித்த கோல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 40 கஜ தூரத்துக்குப் பந்தைத் தூக்கிப்போட்டு ரசிகர்களை எழுந்து நிற்க வைக்கும் ரகமும் இல்லை. அப்படி ஆடப் பார்த்த சில நேரம் பந்து எதிரணி பெஞ்சுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நுரையீரல் இரண்டும் இரும்பு, இடுப்புக்கு மேல் குத்துச்சண்டைக்காரன். தோளோடு தோள் மோதினால் விழுவது பெரும்பாலும் மற்றவர்தான். ஒரு சுமாரான அணி பிரீமியர் லீக்கில் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் இப்படி ஒருவர் இல்லாமல் முடியாது. அந்த ஓட்டத்தைத் தாங்கிய இதயம்தான் ஒருநாள் நின்றது என்பதை இன்றைக்கும் என்னால் பொருத்திப் பார்க்க முடியவில்லை.

தொழில்முறை வாழ்க்கை பெரும்பாலும் எங்கே கழிந்தது?

பர்மிங்காம் சிட்டியிலும் போல்டன் வாண்டரர்ஸிலும்.

2006-ல் ஆர்சனல் அவரை லோனில், அதாவது தற்காலிக இரவலாக, பர்மிங்காமுக்கு அனுப்பியது. அதே பருவத்தில் ஆர்சனலிலிருந்து நிக்லாஸ் பெண்ட்னரும் செபாஸ்டியன் லார்சனும் இதே போல வந்திருந்தார்கள். மேலாளர் ஸ்டீவ் புரூஸ். இரண்டாம் நிலை லீகில் இருந்த அணி அந்த வருடமே பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 2007-ல் பர்மிங்காம் அவரை நிரந்தரமாகவே வாங்கிக்கொண்டது. ஆனால் 2008-ல் அணி மறுபடி கீழே இறங்கியது. அந்தக் கோடையில் சுமார் 50 லட்சம் பவுண்டுக்கு போல்டன் அவரை எடுத்தது. 20 வயதுப் பையனுக்கு, அதுவும் கோல் அடிக்காத மிட்ஃபீல்டருக்கு, அந்தக் காலத்தில் அது நல்ல விலை.

போல்டன் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பஞ்சாலை ஊர். முரட்டு ஆட்டத்துக்குப் பெயர்போன அணி. 2010 ஜனவரியில் ஓவன் காயில் மேலாளராக வந்த பிறகு பந்தைத் தரையில் வைத்து ஆடத் தொடங்கியது. அப்போது நடுகளத்தில் முவாம்பாவுக்கு ஜோடி, அமெரிக்கரான ஸ்டூவர்ட் ஹோல்டன். ஒருவர் பறிப்பார், இன்னொருவர் கொடுப்பார். 2010-11 பருவத்தில் இந்த ஜோடியைப் பார்ப்பது எனக்குத் தனி சந்தோஷம்.

அந்த ஜோடிக்கு நடந்ததைக் கேளுங்கள். 2011 மார்ச் 19 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் ஒரு மோசமான டேக்கிளில் ஹோல்டனின் முழங்கால் கிழிந்தது. அதற்குப் பிறகு அவரால் பழையபடி ஆடவே முடியவில்லை. கிட்டத்தட்ட சரியாக ஒரு வருடம் கழித்து, 2012 மார்ச் 17 அன்று, முவாம்பா விழுந்தார். ஒரே அணியின் நடுகளம், இரண்டு மார்ச் மாதங்களில் காலியானது.

இங்கிலாந்து தேசிய அணிக்கு ஆடியிருக்கிறாரா?

சீனியர் அணிக்கு இல்லை. 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு 33 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார், அது சின்ன எண்ணிக்கை இல்லை.

2009 ஜூனில் ஸ்வீடனின் மால்மோ நகரில் நடந்த 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பிய இறுதி ஆட்டத்திலும் அவர் இருந்தார். இங்கிலாந்து 0–4 என்று ஜெர்மனியிடம் உதை வாங்கியது. எதிரே நின்றவர்கள் யார் என்று பாருங்கள்: மானுவல் நாயர், மாட்ஸ் ஹும்மல்ஸ், ஜெரோம் போட்டெங், பெனடிக்ட் ஹோவடெஸ், சாமி கெடிரா, மெசுட் ஓசில். ஐந்து வருடம் கழித்து உலகக் கோப்பையைத் தூக்கிய அணியில் இந்த ஆறு பேரும் இருந்தார்கள். அவர்கள் கோப்பையைத் தூக்கிய 2014 ஜூலையில், கிட்டத்தட்ட அவர்கள் வயதே ஆன முவாம்பா ஆட்டத்தை விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டிருந்தது.

2012 மார்ச் 17 அன்று என்னதான் நடந்தது?

இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்ஏ கோப்பையின் காலிறுதி. டாட்டன்ஹாம் அணியின் அப்போதைய மைதானமான ஒயிட் ஹார்ட் லேனில் போல்டன் ஆடிக்கொண்டிருந்தது. ஆரம்பத்திலேயே டாட்டன்ஹாமின் கேரத் பேல் தவறித் தன் அணி வலைக்குள்ளேயே போட்ட கோல் ஒன்று, உடனே அதே அணியின் கைல் வாக்கரின் பதில் கோல். 1–1. இடைவேளைக்கு இன்னும் சில நிமிடங்களே பாக்கி.

நம் நேரப்படி இரவு பதினொன்றரை தாண்டியிருக்கும். நான் பாதித் தூக்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து வேறெங்கோ இருந்தது, கேமராவும் அதன் பின்னால் போனது. திடீரென்று ஆட்டக்காரர்கள் கையசைத்துக் கத்துகிறார்கள். புல்லில் ஒருவர் குப்புறக் கிடக்கிறார். அருகில் யாருமே இல்லை. யாரும் மோதவில்லை, யாரும் தள்ளவில்லை. அதைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. மோதி விழுகிறவன் புரளுவான், முழங்காலைப் பிடிப்பான், கத்துவான். இவர் அசையவே இல்லை.

அந்த நொடிகளைப் பற்றி முவாம்பாவே பின்னால் சொல்லியிருக்கிறார். லேசாகத் தலைசுற்றியதாம். டாட்டன்ஹாமின் ஸ்காட் பார்க்கர் இரண்டு பேராகத் தெரிந்தாராம். சக வீரர் டெட்ரிக் போயாட்டா, பின்னால் ஓடி வா என்று கத்தியது காதில் விழுந்ததாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பின்னால் ஓடி வந்து ஓட்டையை அடைக்கிற வேலையைத்தானே அவர் ஆறு வருடமாகப் பார்த்தார்? கடைசியாகக் காதில் விழுந்ததும் அதற்கான அழைப்புதான்.

போல்டன் டாக்டர் ஜொனாதன் டோபினும் இரு அணிகளின் மருத்துவக் குழுவினரும் ஓடினார்கள். சட்டையைக் கிழித்து, நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியான டிஃபிபிரிலேட்டர் வந்தது. வீரர்கள் பலர் அழுதுகொண்டிருந்தார்கள். இரு தரப்பு ரசிகர்களும் சேர்ந்து அவர் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். நடுவர் ஹோவர்ட் வெப் ஆட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

78 நிமிடம் 'இறந்து கிடந்தார்' என்பது உண்மையா?

உண்மைதான், ஆனால் என்ன அர்த்தத்தில் என்பது முக்கியம். விழுந்ததிலிருந்து மருத்துவமனை போய்ச் சேர 48 நிமிடம். அங்கே போன பிறகும் 30 நிமிடம். அத்தனை நேரமும் இதயம் தானாகத் துடிக்கவில்லை. டாக்டர் டோபின் சொன்ன கணக்கு இது. மின்னதிர்ச்சி மொத்தம் 15 தடவை கொடுத்தார்கள்: மைதானத்தில் இரண்டு, உள்ளே கொண்டுபோகும் வழியில் ஒன்று, ஆம்புலன்ஸில் பன்னிரண்டு.

ஆனால் அந்த 78 நிமிடமும் மூளைக்கு ரத்தமே போகவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அப்படி என்றால் நாலைந்து நிமிடத்திலேயே மூளை சேதமாகத் தொடங்கிவிடும். நெஞ்சை அழுத்துகிற ஒவ்வொரு அழுத்தமும் கொஞ்சம் ரத்தத்தை மேலே தள்ளும். இதயம் செய்யாத வேலையை ஆள் மாற்றி ஆளாகக் கைகள் செய்தன, ஓடும் வண்டியிலும் விடாமல்.

அது மாரடைப்பா?

இல்லை. நம் பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் 'மாரடைப்பு' என்றே போட்டுவிடுகின்றன, இதுதான் குழப்பம்.

மாரடைப்பு என்பது குழாய் அடைப்பு: இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு வலிப்பது. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், வலியைச் சொல்வார். முவாம்பாவுக்கு வந்தது இதய நிறுத்தம். இதில் கோளாறு மின்சாரத்தில். இதயத்தின் மின் ஓட்டம் தாறுமாறாகி, தசை துடிப்பதற்குப் பதில் வெறுமனே நடுங்கும். பம்பு நின்றுவிடும். ஆள் சில நொடிகளில் நினைவிழப்பார். டிஃபிபிரிலேட்டர் கொடுக்கும் அதிர்ச்சி அந்த நடுக்கத்தை ஒரேயடியாக நிறுத்தி, இதயம் தன் தாளத்தை மறுபடி பிடிக்க ஒரு வாய்ப்புக் கொடுக்கிறது. மாரடைப்பு சில சமயம் இதய நிறுத்தத்தில் போய் முடியும் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல.

கூட்டத்திலிருந்து ஒரு டாக்டர் ஓடி வந்தார் என்கிறார்களே?

ஆமாம். டாக்டர் ஆண்ட்ரூ டீனர், இதய நிபுணர். டாட்டன்ஹாம் ரசிகர், சகோதரர்களோடு ஆட்டம் பார்க்க வந்தவர். சிபிஆர், அதாவது அந்த நெஞ்சழுத்தும் முதலுதவி, நீண்டுகொண்டே போவதைப் பார்த்து எழுந்து போய், மைதானக் காவலரிடம் தான் யார் என்று சொல்லி உள்ளே இறங்கினார். பக்கத்து மருத்துவமனைக்குப் போகாமல், தான் பணிபுரியும் இதய மையமான லண்டன் செஸ்ட் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னவர் அவர்தான். அவசரத்தில் இருக்கும்போது கிட்டத்து வாசலைத் தாண்டி தூரத்துக்கு வண்டியை ஓட்டச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

சில நாள் கழித்து முவாம்பாவுக்கு நினைவு திரும்பியது. டீனர் குனிந்து காதருகே பெயர் என்ன என்று கேட்டார், சரியாகச் சொன்னார். 'நீங்கள் பெரிய ஃபுட்பால் ஆட்டக்காரர் என்று கேள்விப்பட்டேனே' என்றார். 'முயற்சி செய்கிறேன்' என்று பதில் வந்தது. அதைக் கேட்டுத் தன் கண் கலங்கியது என்று டீனர் பின்னால் பேட்டியில் சொன்னார். 78 நிமிடம் கழித்து வந்த மூளை, அடக்கத்தைக்கூட மறக்காமல் கொண்டுவந்திருக்கிறது.

அப்படியானால் இதை அதிசயம் என்று சொல்லலாம்தானே?

சொல்கிறவர்கள் சொல்லட்டும். முவாம்பாவே கடவுள் நம்பிக்கை உள்ளவர், அவருக்கு அது அப்படித்தான். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு சங்கடம் இருக்கிறது.

முவாம்பா விழுந்து நாலே நாள் கழித்து, 2012 மார்ச் 21 அன்று, பெங்களூருவில் ஒரு மாவட்ட லீக் ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய 27 வயது வீரர் ஒருவர் களத்தில் விழுந்தார். அங்கே ஆம்புலன்ஸ் இல்லை. கூட ஆடியவர்கள் அவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காப்பாற்ற முடியவில்லை.

அதே வருடம் ஏப்ரல் 14 அன்று இத்தாலியின் பெஸ்காராவில் லிவோர்னோ அணியின் மிட்ஃபீல்டர் பியர்மாரியோ மொரோசினி விழுந்தார். வயது 25. ஆம்புலன்ஸ் வரும் வழியை ஒரு வாகனம் மறித்து நின்றது. அருகில் டிஃபிபிரிலேட்டர் இருந்தும் பயன்படுத்தப்படவில்லை. அவரும் போய்விட்டார்.

மூன்று பேரும் ஐந்து வாரத்துக்குள் விழுந்தவர்கள். மூவருக்கும் கோளாறு ஒன்றேதானா என்ற கேள்வி வேறு. ஆனால் விழுந்த முதல் சில நிமிடங்களில் கிடைத்தது மூவருக்கும் ஒன்றல்ல. லண்டனில் இருந்ததை எண்ணிப் பாருங்கள்: உடனே நெஞ்சை அழுத்தத் தெரிந்த கைகள், கருவி, நிற்கும் ஆம்புலன்ஸ், எந்த மருத்துவமனை என்று தெரிந்த ஒருவர். கடைசியாகச் சொன்ன ஆள் மட்டுமே தற்செயல். மற்றதெல்லாம் யாரோ முன்கூட்டியே செய்து வைத்த ஏற்பாடு. அதிசயம் என்று சொல்லிவிட்டால் அந்த ஏற்பாடு கண்ணில் படாமல் போய்விடுகிறது, பெங்களூருவிலும் அது இருந்திருக்கலாமே என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

முன்கூட்டியே பரிசோதனையில் தெரிந்திருக்காதா?

முவாம்பாவுக்கும் இதயப் பரிசோதனை செய்யப்பட்டிருந்தது, ஒன்றும் தெரியவில்லை.

இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் திட்டத்தில் 1996 முதல் 2016 வரை 11,168 இளம் வீரர்களைப் பரிசோதித்தார்கள். ஆய்வு முடிவு 2018-ல் வெளியானது. 42 பேருக்கு ஆபத்தான இதயக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. அதாவது அந்த 42 பேர் விழுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது, இது நல்ல செய்தி. கெட்ட செய்தி இது: பின்னாளில் இதயக் கோளாறால் திடீரென்று இறந்த 8 பேரில் 6 பேருக்குப் பரிசோதனை முடிவு 'சரியாக இருக்கிறது' என்றே வந்திருந்தது. இறப்பு நேர்ந்தது சராசரியாக ஏழு வருடத்துக்குப் பக்கமாகக் கழித்து. 16 வயதில் ஒருமுறை எடுத்த ஈசிஜி ஆயுளுக்கும் செல்லாது. சில கோளாறுகள் வயதோடுதான் வெளியே தலைகாட்டும்.

எனவே பரிசோதனை தேவை, அதுவும் திரும்பத் திரும்பத் தேவை. அதை நம்பிக் கருவி வாங்காமல் இருந்துவிட முடியாது.

கைவிடப்பட்ட அந்த ஆட்டம் என்ன ஆனது? போல்டன்?

மார்ச் 27 அன்று ஆட்டம் முதலிலிருந்து ஆடப்பட்டது, டாட்டன்ஹாம் 3–1 என்று வென்றது. மே மாதம் அதே டாட்டன்ஹாம் போல்டனுக்கு வந்து ஆடியபோது முவாம்பா தன் மைதானத்துக்கு வந்து ரசிகர்களைப் பார்த்துக் கையசைத்தார். போல்டன் அன்றும் தோற்றது. பருவத்தின் கடைசி நாளில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. அதற்குப் பிறகு இன்றுவரை திரும்பி வரவில்லை.

அவரைப் பற்றி ட்வீட் போட்டு ஒருவர் ஜெயிலுக்குப் போனாராமே?

போனார். முவாம்பா உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த இரவிலேயே வேல்ஸில் ஒரு கல்லூரி மாணவர் இனவெறிப் பதிவுகள் போட்டார். பத்தே நாளில் 56 நாள் சிறைத் தண்டனை. இன்னொரு பக்கத்தில், முவாம்பா விழுந்த மறுநாளே, ரியல் மாட்ரிட் வீரர்கள் முவாம்பா குணமடைய வேண்டும் என்று எழுதிய சட்டையோடு களமிறங்கினார்கள். போல்டனில் அவரோடு ஆடி, பின் செல்சிக்குப் போயிருந்த கேரி கேஹில், கோல் அடித்துவிட்டு உள்சட்டையைக் காட்டினார். அவருக்காகப் பிரார்த்தியுங்கள் என்று அதில் எழுதியிருந்தது.

ஏன் மறுபடி ஆடவில்லை? எரிக்சன் ஆடினாரே?

இந்தக் கேள்விதான் 2021-க்குப் பிறகு அதிகம் வருகிறது.

முவாம்பா ஏப்ரல் 16 அன்று வீட்டுக்குப் போனார். இடையில் 24-வது பிறந்தநாள் மருத்துவமனையிலேயே கழிந்தது. நெஞ்சுக்குள் ஐசிடி என்ற சிறு கருவியைப் பொருத்தினார்கள். இதயத்தின் தாளம் தப்பினால் அது உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுக்கும். அவருக்கு ஆசை விடவில்லை, திரும்ப ஆடத்தான் நினைத்தார். பெல்ஜியத்தில் இதயத் தாளக் கோளாறுகளில் பெயர்பெற்ற நிபுணர் ஒருவரிடம் போய்க் காட்டினார். அவர் வேண்டாம் என்றார். 2012 ஆகஸ்ட் 15 அன்று ஓய்வை அறிவித்தார். முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம்வரை எண்ணினால் ஆறரை வருடம்கூட முழுதாக இல்லை.

டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் விழுந்தார். அவருக்கு மைதானத்திலேயே, சில நிமிடங்களில் இதயம் திரும்பிவிட்டது. அவருக்கும் ஐசிடி வைத்தார்கள். இத்தாலியில் அந்தக் கருவியோடு ஆட விதி இடம் தரவில்லை, அதனால் இன்டர் மிலானை விட்டுப் பிரிந்து இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டுக்குப் போனார். 2022 பிப்ரவரியில் களத்தில் இருந்தார்.

ஆக, இருவர் இதயமும் ஒன்றல்ல, நின்ற நேரமும் ஒன்றல்ல, காலமும் ஒன்றல்ல. ஒரு நிபுணர் தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் இதயத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முவாம்பாவுக்குத் தைரியம் போதவில்லை என்கிற தொனியில் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும்.

அதற்குப் பிறகு கால்பந்தில் ஏதாவது மாறியதா?

மாறியது, ஆனால் மெதுவாக. 2013-ல் ஃபிஃபா, டிஃபிபிரிலேட்டர் அடங்கிய அவசர மருத்துவப் பையை உறுப்பு நாடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. எரிக்சன் விழுந்த அதே மாதம் பிரீமியர் லீக், சிறு கிளப்புகளின் மைதானங்களுக்கு இந்தக் கருவிகளை வழங்கத் தனி நிதி ஒதுக்கியது. 2022-ல் இங்கிலாந்து அரசு எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் கருவி தருவதாக அறிவித்தது. இவற்றுக்காகக் குரல் கொடுத்தவர்களில் முவாம்பாவும் ஒருவர்.

இப்போது என்ன செய்கிறார்?

படிப்பை விடாதவர் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஸ்டாஃபர்ட்ஷர் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு இதழியல் படித்து 2015-ல் பட்டம் வாங்கினார். பிறகு இளம் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு வந்தார்.

இப்படிப் பாதியில் நின்றுபோன வேறு மிட்ஃபீல்டர்கள்?

பட்டியல் போட்டால் நீளும், மூவரை மட்டும் சொல்கிறேன்.

கேமரூனின் மார்க்-விவியன் ஃபோ, 2003 ஜூன் 26 அன்று லியோனில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில் விழுந்து இறந்தார். வயது 28. களத்தில் இதயம் நிற்பதைப் பற்றிக் கால்பந்து உலகம் கவலைப்படத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

ஜெர்மனியின் செபாஸ்டியன் டைஸ்லர் விட்டது வேறு காரணத்தால். முழங்கால் திரும்பத் திரும்பப் போனது, மனச்சோர்வும் சேர்ந்தது. 2007 ஜனவரியில், 27 வயதில், போதும் என்று எழுந்து போய்விட்டார்.

ரயான் மேசன் 2017 ஜனவரியில் தலையோடு தலை மோதி மண்டை ஓடு உடைந்து, 26 வயதில் ஓய்வு பெற்றார். அன்று பந்துக்காக அவரோடு எகிறி மோதியவர் கேரி கேஹில். ஆமாம், முவாம்பாவுக்காகச் சட்டை போட்ட அதே கேஹில்தான்.

நம் ஊர் மைதானத்தில் ஒருவர் இப்படி விழுந்தால் என்ன செய்வது?

யாரும் இடிக்காமல் விழுந்தார், கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு விட்டுவிட்டு இழுப்பது மாதிரி மூச்சு வரும், கை கால் வெட்டும். அதை வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவியைத் திணிக்கிற வேலை வேண்டாம். தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம்.

ஒருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவில் கை மேல் கை வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குலமாவது உள்ளே போகிற அளவுக்கு. இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆள் மாறிக்கொள்ளுங்கள். டிஃபிபிரிலேட்டர் கிடைத்தால் பயப்படாதீர்கள். மூடியைத் திறந்தால் அதுவே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பேசும், தேவை இல்லாதவருக்கு அது அதிர்ச்சி கொடுக்காது. எதுவும் செய்யாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும்.

அவர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால் எதைத் தேடுவது?

அவர் பெயரைப் போட்டுத் தேடினால் அந்த மார்ச் 17-தான் முதலில் வரும். அதை விட்டுவிட்டு 2010-11 பருவத்தின் போல்டன் ஆட்டம் ஏதாவது ஒன்று முழுதாகக் கிடைக்கிறதா பாருங்கள். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய தொகுப்பு உதவாது, அதில் அவர் இருக்கமாட்டார். போல்டன் பந்தை இழக்கிற நேரத்தில் பந்தைப் பார்க்காதீர்கள். ஹோல்டனுக்குப் பக்கத்தில், நடு வட்டத்துக்குள், ஏற்கனவே திரும்பி ஓடத் தொடங்கியிருக்கும் ஆளைப் பாருங்கள்.